நஷ்டம் யார் கணக்கில்?

பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் போகிற சாலையில் இருக்கிறது நெகமம். தமிழ்நாட்டு டீச்சரம்மாக்களிடம் அறிமுகமே தேவையில்லாத ஊர். 'நெகமம் காட்டன்' என்று சொன்னால் போதும், கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, விறைப்பாக மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 2023-ல் இந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா குழித்தறியில் இருந்தார். சடக், சடக் என்று நாடா ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையில் மகள். அவர் முன்னால் ஒரு பழைய மேஜை, அதன்மேல் ஆர்மோனியப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தறி. மிதிகட்டை கிடையாது. மேலே எட்டு கைப்பிடிகள். தறியின் அகலம் ஒரு அடிதான்.

"கைக்குட்டை நெய்யவாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லீங்கண்ணா. புது டிசைன் ஒண்ணு வருதான்னு பாக்கறேன். சேலத்துல படிச்சப்ப இதுலதான் பழகுனோம்" என்றார். கைத்தறித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. வீட்டில் எல்லாரும் கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னபோது இதைப் பிடிவாதமாகப் படித்தவர்.

குழிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அது வெளையாட்டுத் தறிங்க தம்பி. அதுல வரும். பெரிய தறியில ஏத்தி, வராமப் போச்சுன்னா நட்டத்த ஆருங்க குடுப்பாங்க?"

நான் பி.காம். படித்தவன். கலை, பாரம்பரியம் என்று யாராவது பேசினால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். ஆனால் 'நட்டத்தை யார் கொடுப்பார்கள்?' என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பெரியவர் கேட்டதற்குள் இருநூறு வருட நெசவு வரலாறு இருக்கிறது. அவருக்கே தெரியாமல் கேட்டுவிட்டார்.

முதலில் கணக்கு. பாவு நூல் அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 அங்குல அகலச் சேலைக்கு 3,840 இழை. ஒவ்வொன்றும் விழுதின் கண்ணுக்குள் நுழைந்து, அச்சின் பல்லுக்குள் நுழைந்து வரவேண்டும். ஒரு புது டிசைனுக்காக இந்தக் கோப்பையே மாற்ற வேண்டும் என்றால் நாட்கணக்கில் வேலை. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது, ஏனென்றால் கூலி சேலைக்குத்தான். பாவும் நூலும் முதலாளி கொடுத்தது. கெட்டுப்போனால் அதையும் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். புது டிசைன் ஓடினாலோ, லாபம் கடைக்காரருக்கு. நெசவாளிக்கு அதே கூலி, மிஞ்சிப்போனால் சேலைக்குக் கொஞ்சம் கூட.

இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு யார் சார் புதுசாக முயற்சி செய்வார்கள்? நெசவாளிகள் பழமைவாதிகள், மாற மாட்டார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

துணியில் பூ வேண்டுமென்றால், ஒவ்வொரு முறை ஊடை நூலை ஓட்டும்போதும் எந்தெந்தப் பாவு இழை மேலே தூக்கி நிற்க வேண்டும் என்று யாராவது முடிவுசெய்ய வேண்டும். சாதா நெசவில் பிரச்னையில்லை. ஒற்றைப்படை ஒருமுறை, இரட்டைப்படை மறுமுறை. மாங்காயும் மயிலும் வேண்டுமென்றால்தான் சிக்கல். பழைய காஞ்சிபுரத்தில் அந்தத் தூக்கும் வரிசையையே கயிறும் நூலுமாகத் தறியில் கட்டி வைத்திருப்பார்கள். 'அடை' என்று பெயர். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பான். டிசைன் பாதி கயிற்றில், பாதி நெய்பவரின் ஞாபகத்தில் இருந்தது.

பிரான்சின் லியோன் நகரிலும் இதே கதைதான். பட்டுத் தறிக்குப் பக்கத்தில் கயிறு இழுக்கும் பிள்ளைகள். 1725-ல் பாசில் பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து இழைகளைத் தேர்ந்தெடுக்க முயன்றார். 1728-ல் ஃபால்கோன் சுருளுக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்துப் பார்த்தார். 1740-களில் வோகான்சோன் இன்னொரு முயற்சி செய்தார். இவற்றையெல்லாம் சேர்த்து உருப்படியாக ஒரு இயந்திரம் ஆக்கியவர்தான் லியோன் நெசவாளி மகன் ஜோசப் மாரி ஜக்கார்டு. வருடம் 1804. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இன்றைக்கும் நம் ஊர்த் தறிமேல் மாலை மாலையாக அட்டை தொங்குகிறதே, அது அவருடைய வாரிசு.

(இந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு யோசனை பிடித்தார், 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் அட்டை இயந்திரம் செய்தார் என்பதெல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை. மகளைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொன்ன வீட்டாருக்கு வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.)

அதிகம் சொல்லப்படாதது வேறு. லியோன் நெசவாளிகள் ஜக்கார்டின் தறியை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. பிழைப்பு போய்விடும் என்ற பயம். இருந்தும் 1812-க்குள் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின என்கிறார்கள். எப்படி? 1805 ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்து தறியைப் பார்த்தார். உடனே ஓர் ஏற்பாடு. கண்டுபிடிப்பின் உரிமை லியோன் நகரத்துக்கு. ஜக்கார்டுக்கு வாழ்நாள் முழுக்க வருடம் 3,000 ஃபிராங்க் பென்ஷன். அதோடு சில ஆண்டுகளுக்கு, விற்கிற ஒவ்வொரு தறிக்கும் 50 ஃபிராங்க்.

கவனித்தீர்களா? கண்டுபிடித்தவரின் செலவைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டது. ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தத் தறியைச் செய்து ஓட்டலாம் என்றாகிவிட்டது. நெப்போலியன் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விவகாரம். அந்த ஒரு கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தது. அதற்காக நெசவாளிகள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1831 நவம்பரில் அதே லியோனில் பட்டு நெசவாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போது சண்டை இயந்திரத்தோடு அல்ல, கூலியோடு!

இங்கே நம் பக்கம் என்ன நடந்தது?

1866-ல் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்கிற அதிகாரி ஒரு விசித்திரமான புத்தக வரிசையை வெளியிட்டார். 18 தொகுதிகள். உள்ளே எழுத்தைவிடத் துணிதான் அதிகம். இந்தியா முழுவதிலிருந்தும் வந்த துணிகளை வெட்டி 700 மாதிரிகளாக ஒட்டியிருந்தார். மொத்தம் 20 செட். அதில் 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போனது, 7 இந்தியாவுக்கு. இந்தியர்கள் என்ன மாதிரித் துணி கட்டுகிறார்கள், எத்தனை அகலம், என்ன கரை என்று மான்செஸ்டர்காரர் பார்த்து, அதேபோல் நெய்து, இங்கே கொண்டுவந்து விற்க வேண்டும். அதற்கான கையேடு. அந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனையோ தலைமுறையாக யாரோ செய்து பார்த்து, தோற்று, திருத்திய உழைப்பு இருந்தது. வாங்கியவருக்கு அது இலவசம். மாதிரிக்குத் துணி கொடுத்தவருக்கு ராயல்டி என்று ஒரு அணா போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

நம் நெசவாளிக்காக அரசாங்கம் செலவு செய்து பார்த்த ஒரு கதையும் உண்டு. நடந்த ஊர் சேலம்.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். கை சும்மா இருக்காத மனிதர். நம் வீட்டு அடுப்படிக்கு அலுமினியப் பாத்திரம் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் செய்து காட்டினார். பிறகு கைத்தறிப் பக்கம் திரும்பினார். 1733-லேயே ஜான் கே கண்டுபிடித்த விசை நாடா, அதாவது கயிற்றைச் சுண்டினால் தானே ஓடுகிற நாடா, நூற்றெழுபது வருடம் கழித்தும் இங்கே பல ஊர்களில் எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பரப்பலாமா, நெசவாளிகளை ஒரே கூரையின்கீழ் கூட்டினால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க, 1906-ல் சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவு ஆலை தொடங்கப்பட்டது.

நெசவாளிகள் வந்தார்கள். ஆனால் மணி அடித்தால் வா, மணி அடித்தால் போ என்பது அவர்களுக்குச் சரிப்படவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்ற, பெரியவர்கள் பாவுக்குக் கஞ்சி போட, எல்லாருமாகச் செய்த வேலை. அதில் ஒருவரை மட்டும் பிடுங்கி ஆலையில் உட்காரவைத்தால்? வருகை ஏறுக்குமாறாக இருந்தது.

இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கரை. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம், கலப்பே தெரியக்கூடாது என்றால் ஒரே வரிசைக்கு மூன்று நாடா ஓட்ட வேண்டும். கோர்வை என்போமே, அது. ஒரு நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசுகிற கருவியால் அங்கே பெரிய பிரயோஜனம் இல்லை. 'மாற மறுக்கிறார்கள்' என்று எழுதப்பட்ட நெசவாளிகளில் பலர் இந்த ரகம் நெய்தவர்கள். மறுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. விசை நாடா எங்கே உதவியதோ அங்கே, சாதா ரகங்களில், பிற்பாடு வேகமாகவே பரவியது.

சேலம் ஆலை லாபமா நஷ்டமா என்று முழுதாகத் தெரிவதற்குள் கதை முடிந்தது. அரசாங்கமே தொழில் நடத்தினால் எங்கள் கதி என்ன என்று சென்னையின் ஐரோப்பிய வர்த்தகர்கள் முணுமுணுத்தார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபுவின் உத்தரவு வந்தது. தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம், நடத்தக்கூடாது. ஆலை மூடப்பட்டது. சாட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போய்விட்டார்.

தோற்றது இருக்கட்டும். நான்கு வருடம், நம் நெசவாளியின் தோல்விச் செலவு நெசவாளியின் கணக்கில் எழுதப்படாமல் இருந்தது. அப்படி ஒரு பக்கம் நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மறுபடி திறந்தது. 1956 வாக்கில் பம்பாய், சென்னை, வாரணாசி என்று நெசவாளர் சேவை மையங்கள் வந்தன. புபுல் ஜெயகர் முன்னின்று செய்த காரியம். ஓவியர்களையும் சாயக்காரர்களையும் நெசவாளிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, மாதிரியை அங்கேயே நெய்து பார்த்து, தேறியதை ஊர்களுக்குக் கொடுப்பது. சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு போன்ற பெரிய ஓவியர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். 1960-ல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் கல்வி நிறுவனம் வந்தது. மேஜைத் தறி நம் பக்கப் பிள்ளைகளின் கைக்கு இப்படியான வகுப்பறைகள் வழியாகத்தான் வந்தது. நெய்து விற்பதற்கான தறி அல்ல அது. மலிவாகத் தோற்பதற்கான தறி.

இன்றைக்கு ஒரு கைத்தறிச் சேலைக்கு டிசைன் அழகுக்கு மட்டும் இல்லை. வேலியும் அதுதான். 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. சில ரகங்களைக் கைத்தறி மட்டுமே நெய்ய வேண்டும், விசைத்தறி தொடக்கூடாது. முதலில் 22 ரகம். விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு 22 என்பது 11 ஆகச் சுருங்கியது. சேலையில் எது கைத்தறிக்கு என்று எப்படிப் பிரிப்பது? கூடுதல் பாவு, கூடுதல் ஊடை போட்டுக் கரையிலும் உடலிலும் செய்கிற பூவேலையை வைத்துத்தான். பூ இருந்தால் கைத்தறி. வெறும் சாதாத் துணி என்றால், யார் வேண்டுமானாலும்.

ஆனால் நெகமத்திலிருந்து அதே சாலையில் நேராகப் போனால் பல்லடம். அங்கிருந்து சோமனூர் வரைக்கும் விசைத்தறிச் சீமை. அவர்களும் நம் ஆட்கள்தான், அவர்களுக்கும் கூலிப் பிரச்னை, வங்கிக் கடன், எல்லாம் உண்டு. குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இங்கே ஒரு பூ நன்றாக விற்றால், கொஞ்ச நாளில் அதே மாதிரிப் பூ ஏதோ ஒரு ஊர் விசைத்தறியில் நெய்து, கால்வாசி விலைக்குக் கடையில் தொங்குகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கும். புவிசார் குறியீடு 'நெகமம்' என்ற பெயரைக் காப்பாற்றும், பூவைக் காப்பாற்றாது. ஆகவே கைத்தறிக்காரர் அடுத்த பூவுக்கு ஓட வேண்டும். ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: வராமப் போச்சுன்னா?

திண்ணைக்கு வருவோம்.

அந்தப் பெண் தறியில் அங்குலத்துக்கு 40 இழை வைத்திருந்தார். 12 அங்குலத்துக்கு 480 இழை. எட்டு விழுதுச் சட்டம். முதல் சட்டத்திலிருந்து எட்டுவரை ஏறி, பிறகு ஏழிலிருந்து இரண்டுவரை இறங்கி வருகிற கோப்பு. 14 இழைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப. இப்படிக் கோத்தால் டைமண்ட் டைமண்டாக விழும்.

"மிதி இல்லாம ஏம்மா கஷ்டப்படறே?"

"மிதி வெச்சா எந்தச் சட்டம் எந்த மிதியோடன்னு மொதல்லயே கட்டிரோணுங்கண்ணா. மாத்தோணும்னா குழிக்குள்ள எறங்கி அவுத்துக் கட்டோணும். இதுல எந்தக் கைப்பிடிய வேணாலும் எதோட வேணாலும் தூக்கலாம்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சட்டமும் மேலே அல்லது கீழே. எட்டுக்கும் சேர்த்து 256 விதம். எல்லாம் மேலே, எல்லாம் கீழே என்ற இரண்டில் நாடா ஓடி லாபமில்லை. மீதி 254. நாலு சட்டம்தான் என்றால் வெறும் 14. ஒரு அடி அகலத் திண்ணைத் தறிக்குள் 254 வழி!

ஒரு வரிசை தரைக்கு, ஒரு வரிசை பூவுக்கு என்று மாற்றி மாற்றி நெய்தார். நாலு விரல் நீளம் வந்ததும் நிறுத்திவிட்டார். டைமண்டுகளுக்கு நடுவே நேராக ஒரு கோடு, தலையில் வகிடு எடுத்த மாதிரி. ஓரிடத்தில் ஐந்தாம் சட்டத்துக்குப் போக வேண்டிய இழை ஆறாம் சட்டத்துக்குப் போயிருந்தது. 480-ல் ஒன்று. பெரிய தறியில் இது நடந்திருந்தால் பாவு முடியும்வரை எல்லாச் சேலையிலும் அந்த வகிடு ஓடியிருக்கும். இங்கே அந்த இழையைத் தேடி, வெட்டி, மறுபடி கோத்து முடிக்க இரண்டு டம்ளர் காபி நேரம்.

இரண்டாவது தப்பு துணியைத் திருப்பியதும் தெரிந்தது. பூவின் நுனி கூர்மையாக வரட்டும் என்று எட்டாம் சட்டத்தை மட்டும் தூக்காமல் விட்டிருந்தார். அது 14 இழைக்கு ஒருமுறைதான் வரும். மீதி 13 இழைக்கும் பூ நூல் பின்பக்கம் பிடிப்பில்லாமல் தொங்கியது. சுமார் எட்டு மில்லிமீட்டர்.

அப்பா எப்போது குழியிலிருந்து ஏறி வந்தாரோ தெரியாது. துணியின் முதுகில் சுட்டுவிரலால் ஒரு நூலைக் கொக்கி மாதிரி இழுத்துக் காட்டினார். "மெட்டியில மாட்டுமில்ல கண்ணு. ஒரு நா கட்டுனா அம்புட்டும் பிஞ்சுபோகும்."

மகள் கட்டம் போட்ட நோட்டை எடுத்து வரைந்தார். ஒன்றை மட்டும் விடாமல் இரண்டு இரண்டு சட்டமாக, ஒன்றும் இரண்டும், ஐந்தும் ஆறும். இப்போது பின்பக்கத் தொங்கல் மூன்று இழைக்குமேல் போகவில்லை. பூவின் கூர்மை கொஞ்சம் போயிற்று. போகட்டும். மறுபடி நாலு விரல் நெய்தார். அப்பா திரும்பவும் முதுகைத் தடவினார். விரலில் ஒன்றும் மாட்டவில்லை.

"போச்சாதுங்க" என்றார் என்னைப் பார்த்து. கொங்குத் தமிழில் இது பெரிய பாராட்டு.

பிறகு அவரே ஒன்று சொன்னார். "இதுல நாப்பது இழை. அங்க எம்பது. இந்தப் பூ அங்க போனா பாதியாச் சிறுத்து, கடுகு மாதிரி ஆயிரும். ஒடம்புக்கு வெச்சா கண்ணுக்கே தெரியாது." மகளின் முகம் விழுந்தது. "கரைக்கு வெய்யி. கரைக்கு டாபி இருக்குதில்ல? கட்டையில முளைய மாத்தி அடிச்சு, கரை இழைய மட்டும் கோத்தாப் போதும்."

இரண்டு அங்குலக் கரை. அங்குலத்துக்கு 80 வீதம் ஒரு பக்கம் 160. இரண்டு பக்கமும் சேர்த்து 320 இழை. 3,840-க்குப் பதிலாக 320. அவர் பி.காம். படிக்கவில்லை. நான் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவர் தறிப் பக்கம் திரும்பியிருந்தார்.

"இந்தப் பாவு இன்னும் ஒரு சேலைதான். கடைசியில மொழம் ஒண்ணு மிஞ்சும். அதுல பாக்கலாம். டாபிக் கட்டைக்கு முளை எத்தன கெடக்குன்னு எண்ணி வெய்யி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் இறங்கினார்.